இடிதாங்கி மேலே இருக்கு, மின்னல் இறங்க வழி இருக்கா? கடலூர், புதுவை அடுக்குமாடிகளில் பார்த்தவை

கடலூர் மின்பணி:
தேவனாம்பட்டினம் பக்கம் எர்த் மெக்கர் (எர்த்தின் மின்தடையை அளக்கும் கருவி) வைத்தால் 10 ஓமுக்கு வெகு கீழேதான் காட்டும். மண்ணுக்கடியில் உப்புநீர், அதனால் அப்படி. அதை நம்பிச் சான்று கொடுத்துவிடுகிறார்கள். மொட்டை மாடியில் உள்ள இடிதாங்கியிலிருந்து இறங்கும் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பட்டை நடுவில் அறுந்திருந்தாலும் எர்த் குழியின் ஓம் அளவு மாறாது! டெஸ்ட் லிங்க் (பட்டையையும் எர்த் குழியையும் சேர்க்கும், கழற்றக்கூடிய இணைப்பு) எல்லாவற்றையும் கழற்றி, குழிகளைத் தனித்தனியே அளக்கணும். பிறகு லிங்குக்கு மேலே இரண்டு பட்டைகளின் கழன்ற முனைகளுக்கு நடுவே அளந்தால், மாடி வரை போய்த் திரும்பும் வழி முழுக்கத் தெரிந்துவிடும். வானம் கறுத்திருக்கும்போது லிங்கில் கை வைக்கவே கூடாது.

பட்டை பெரும்பாலும் கிளாம்புக்கு அடியில்தான் அரித்துப் போகும். பெயின்டைச் சுரண்டினால் முதலில் வெள்ளைப் பொடி, அதற்குக் கீழே செந்துரு, அப்புறம் இரும்பு ஏடு ஏடாகப் பிரிந்து வரும். செம்பை ஜி.ஐ.யோடு நேரடியாக போல்ட் போட்ட இடம் உப்புக்காற்றில் இன்னும் சீக்கிரம் அரிக்கும். நடுவில் பைமெட்டல் (இரு உலோக) இணைப்பு கட்டாயம்.

புதுவை சைட் இன்ஜினியர்:
கோரிமேடு செம்மண்ணில் கதை நேர்மாறு. ஐப்பசி மழையில் அளந்தால் நன்றாக வரும், கோடையில் ஓம் அளவு ஏறிவிடும். மே மாதத்தில் அளப்பதுதான் சரி. 3 மீட்டர் எர்த் ராடு ஒன்று போதாவிட்டால் இன்னொன்றை 3 மீட்டராவது தள்ளி அடித்து இணையுங்கள். உப்பைக் கொட்டி அளவைக் குறைக்கும் பழக்கம் ஜி.ஐ. பைப்பைத் தின்றுவிடும், பென்டோனைட் (ஈரம் பிடித்து வைக்கும் களிமண்) நல்லது.

இன்னொன்று, கைப்பிடிச் சுவரின் மேல் ஏற்றி மறுபக்கம் இறக்கும் பட்டை. அந்த வளைவில் மின்னல் சுற்றி வராமல் குறுக்கே பாயப் பார்க்கும். சுவரைத் துளைத்து நேராக இறக்குங்கள். மின்னல் பாதுகாப்புத் தரநிலையில் மூன்றாம் வகுப்பு என்றால் கட்டடத்தைச் சுற்றி ஏறத்தாழ 15 மீட்டருக்கு ஓர் இறங்கு பட்டை வேண்டும். ஒரே பட்டையோடு நிற்கும் ஐந்து மாடிக் கட்டடங்களைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது.

முதுநகர் வயர்மேன்:
“இடிதாங்கி இருந்தும் லிப்ட் போர்டு எரிந்தது ஏன்?” என்று எல்லோரும் கேட்கிறார்கள். இடிதாங்கி கட்டடத்தைக் காக்கும். ஒயர் வழியே வரும் சர்ஜை (திடீர் மின்னழுத்த எழுச்சியை) அது தடுக்காது. மெயின் போர்டில் டைப் 1, மாடி போர்டுகளில் டைப் 2 எஸ்பிடி (சர்ஜைத் தடுக்கும் சாதனம்) வேண்டும். எஸ்பிடியின் இணைப்பு ஒயர் இரண்டு பக்கமும் சேர்த்து அரை மீட்டருக்குள் இருக்கணும். சர்ஜ் வரும்போது ஒயரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் சுமார் 1000 வோல்ட் கூடுதலாக ஏறும் என்பதால், அழகுக்காகச் சுற்றி இழுத்தால் எஸ்பிடி இருந்தும் பயனில்லை. கேபிள் டிவி ஒயரின் ஷீல்டையும் உள்ளே நுழையும் இடத்திலேயே எர்த் பாரில் சேருங்கள்.

கடலூர் மின்பணி:
பட்டை இறங்கும் இடத்தைச் சுற்றி 3 மீட்டருக்குள் பைக் ஸ்டாண்டோ பிள்ளைகள் விளையாடும் இடமோ வேண்டாம். மாற்ற முடியாவிட்டால் அங்கே 15 செ.மீ. கனத்துக்கு ஜல்லி பரப்புங்கள்.