கத்தரி, மிளகாய், ரோஜா: பூச்சிகளோடு எங்கள் அனுபவம்

தாம்பரத்திலிருந்து, மாடித்தோட்டம்

புதிதாகச் செடி வைத்தவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது 'எதைத் தெளிக்கலாம்?' என்பதைத்தான். மாடியில் கத்தரியும் மிளகாயும் வெண்டையும் வளர்த்துவரும் என் அனுபவத்தில், அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்ப்பதுதான். செடியின் சாற்றை உறிஞ்சும் சிற்றுயிர்களான அசுவினி, வெள்ளை ஈ, சிலந்திப்பேன் ஆகியவை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். இலையின் மேற்பரப்பு நனையும்படி மட்டும் தெளித்தால் அவற்றின்மேல் ஒரு துளிகூடப் படாது.

மிளகாயில் இலை சுருள்வதை எடுத்துக்கொள்ளுங்கள். விளிம்புகள் மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் இலைப்பேன். இலை கீழ்நோக்கி வளைந்து, ஒடுங்கி, காம்பு மட்டும் நீண்டிருந்தால் மஞ்சள் சிலந்திப்பேன். ஒரு வெள்ளைத் தாளைக் கொழுந்துக்கு அடியில் பிடித்துக்கொண்டு கிளையை விரலால் தட்டினால், இலைப்பேன்கள் ஊசி முனையளவு மஞ்சள் கீற்றுகளாக விழுந்து ஓடுவதைக் கண்ணாலேயே காணலாம். சிலந்திப்பேனைப் பார்க்க உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும். சிலந்திப்பேனுக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 2 கிராம் நனையும் கந்தகம் (தண்ணீரில் கலந்து தெளிப்பதற்கான கந்தகத் தூள்) கலந்து வெயில் தாழ்ந்த பிறகு தெளித்தேன். அடுத்து வந்த கொழுந்துகள் நேராக விரிந்தன. வேப்பெண்ணெய் தெளித்த செடிக்கு இரண்டு வாரங்களுக்குள் கந்தகம் தெளிக்கக் கூடாது, இலை கருகிவிடும். இலைப்பேனும் சிலந்திப்பேனும் அல்லாமல், வெள்ளை ஈ பரப்பும் வைரஸால் செடி குறுகி இலைகள் கொத்தாகச் சுருண்டிருந்தால் அதற்கு மருந்தே கிடையாது. அந்தச் செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்துவதுதான் பக்கத்துச் செடிகளுக்குப் பாதுகாப்பு.

வேப்பெண்ணெயைக் கலக்கும் முறையிலும் கவனம் தேவை. எண்ணெயை நேராகத் தண்ணீரில் ஊற்றினால் மேலே மிதக்கும். 5 மி.லி. எண்ணெயில் சிறிது சோப்புக் கரைசலை விட்டுப் பால்போல் வெளுக்கும்வரை அடித்து, பிறகு ஒரு லிட்டர் தண்ணீர் சேர்க்க வேண்டும். வேம்பின் சத்து வெயிலில் விரைவில் சிதைந்துவிடும் என்பதால் மாலை நேரமே ஏற்றது. அதற்கு முன்னால் இரண்டு இலைகளில் மட்டும் தெளித்துவிட்டு ஒரு நாள் பொறுத்திருந்து பார்ப்பது நல்லது.

கத்தரியில் வேறு விதம். தண்ணீர் குறையாமல் ஊற்றியும் ஒரே ஒரு கிளையின் நுனி மட்டும் தலைசாய்ந்து வாடினால், அந்தத் தண்டைப் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பு நிறப் புழு இருக்கும். தண்டுக்குள் இருக்கும் புழுவை வெளியே தெளிக்கும் எதுவும் எட்டாது. வாடிய நுனியை அதற்குக் கீழே சற்று இறக்கி வெட்டிச் சோப்புத் தண்ணீரில் போடுவதும், துளை விழுந்த காய்களைத் தொட்டிக்கு அருகே போடாமல் அகற்றுவதும்தான் எனக்குப் பலன் தந்தன.

இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். கத்தரி இலையின் பச்சையத்தைச் சுரண்டி வலைபோல் ஆக்கும் புள்ளி வண்டும், அசுவினியைத் தின்னும் பொறிவண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இலையைத் தின்னும் வண்டு மங்கலாக, மெல்லிய மயிர்கள் படர்ந்திருக்கும். அதன் குட்டி மஞ்சளாக, உடலெங்கும் முட்களோடு இருக்கும். நமக்கு உதவும் பொறிவண்டின் முதுகு பளபளக்கும். அதன் குட்டியோ கறுத்து நீண்டு, ஆரஞ்சுப் புள்ளிகளோடு சின்ன முதலையைப் போலத் தோன்றும். அந்தத் தோற்றத்துக்குப் பயந்து பலரும் அதைத்தான் நசுக்குகிறார்கள் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

கோயம்புத்தூரிலிருந்து

நமக்கு உதவும் பூச்சிகளைப் பற்றித் தாம்பரத்துச் சகோதரி சொன்னதை நான் முழு மனத்தோடு வழிமொழிகிறேன். எங்கள் ஊரில் 2008ஆம் ஆண்டு பப்பாளி மாவுப்பூச்சி கண்டறியப்பட்டது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி என்று எதையும் அது விட்டுவைக்கவில்லை. உடல்மேல் மெழுகுப் பூச்சு இருந்ததால் தெளித்த மருந்துகள் வழிந்தோடின. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகள் தருவிக்கப்பட்டு வெளியிடப்பட்ட பிறகுதான் அது அடங்கியது. எறும்பைவிடச் சிறிய அந்தக் குளவி மாவுப்பூச்சிக்குள் முட்டையிடும். பூச்சி உப்பிப் பழுப்பு நிறக் கூடாக இறுகிப்போகும். அத்தகைய கூடுகளை எங்கள் வீட்டுப் பப்பாளி இலையில் கண்ட நாளிலிருந்து அந்த மரத்துக்கு எந்த மருந்தும் அடிப்பதில்லை.

மற்ற செடிகளில் மாவுப்பூச்சி வந்தால் முதலில் எறும்பைத் தடுக்கிறேன். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கும். தொட்டியின் கால்களைத் தண்ணீர் நிரம்பிய தட்டில் வைத்து, பூச்சியை வேகமான நீர்ப் பீய்ச்சலால் கழுவிவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும். மீதிக்கு மீன் எண்ணெய் சோப்பு, லிட்டருக்கு 25 கிராம்.

ஓசூரிலிருந்து, ரோஜா வளர்ப்பவர்

ரோஜா இலையின் ஓரத்தில் யாரோ வட்டம் போட்டு நறுக்கியதுபோல் அரைவட்டத் துண்டுகள் காணாமல் போயிருக்கும். புழுவையும் காணோம், புழுவின் எச்சத்தையும் காணோம் என்று பலர் குழம்புவார்கள். காலை வெயிலில் செடியருகே சிறிது நேரம் அமைதியாக நின்றால் விடை தெரியும். சாம்பல் நிறத் தேனீ ஒன்று இலை விளிம்பில் வந்து அமர்ந்து, சில நொடிகளில் ஒரு துண்டை வெட்டி, கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டு பறந்துபோகும். அது இலைவெட்டித் தேனீ. இலையைத் தின்பதில்லை, சுவர்த் துளையிலோ காய்ந்த தண்டின் பொந்திலோ குஞ்சுகளுக்கு அறை அமைக்க எடுத்துச் செல்கிறது. துவரையின் மகரந்தச் சேர்க்கையில் இந்த இனத் தேனீக்களுக்குப் பெரும் பங்கு உண்டு. பூவுக்கும் இதனால் இழப்பில்லை. ஆகவே அரைவட்ட வெட்டைக் கண்டு மருந்து தெளிக்க வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது, மொட்டின் இதழோரம் பழுப்பாகி விரியாமல் நிற்பதற்குத்தான். அது இலைப்பேனின் வேலை. அந்த மொட்டுகளை உடனே பறித்து அழித்துவிட்டு, செடியின் உயரத்திலேயே நீல ஒட்டும் அட்டையைத் தொங்கவிடுகிறேன். தண்டின் அடியில் பொருக்குப்போல் படரும் செதில் பூச்சியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் அழுத்தித் துடைக்கலாம். கவாத்து செய்த முனைகளில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பசை) தடவினால் நுனிக்கருகல் கீழே இறங்காது. இலையில் விழும் கரும்புள்ளி பூச்சியால் வருவதன்று, பூஞ்சையால் வருவது. மாலையில் இலைகளை நனைக்காமல் காலையில் வேரடியில் ஊற்றி, உதிர்ந்த இலைகளைப் பொறுக்கிவிட்டால் வெகுவாகக் குறையும்.

நாகர்கோவிலிலிருந்து

பாகலும் புடலையும் பந்தலில் ஏற்றியிருப்பவர்களுக்காக ஒரு குறிப்பை மட்டும் சேர்க்கிறேன். பிஞ்சில் ஒரு சிறு புள்ளியில் பிசின் கசிந்து, அந்த இடத்தில் காய் வளைந்து மஞ்சளானால் பழ ஈ முட்டையிட்டிருக்கிறது. மணத்தால் ஈக்களை ஈர்த்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறியில் ஆண் ஈக்கள் மட்டுமே விழும் என்பதால் அதை மட்டும் நம்பியிருக்க முடியாது. மகரந்தச் சேர்க்கை முடிந்து பிஞ்சு பருக்கத் தொடங்கியதும் காகிதப் பையால் மூடிவிடுகிறேன். தாக்கப்பட்ட காயை உரக்குழியில் போட்டால் புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி மறுபடியும் ஈயாக வரும். ஆகவே அவற்றைப் பாலித்தீன் பையில் இறுகக் கட்டிச் சில நாள்கள் கடும் வெயிலில் போட்டுவைக்கிறேன்.