புதுப்பிப்பு: ஹெக்-ராஸ் 2டியில் கரையைத் தாண்டிக் கசிந்த வெள்ளம், தீர்ந்தது

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. வெள்ளம் எங்கெல்லாம் பரவும் என்று கணிக்கும் ஹெக்-ராஸ் மென்பொருளின் 2டி மாதிரியில், ஆற்று நீர் கரை உச்சிக்குக் கீழே இருக்கும்போதே கரைக்கு அந்தப் பக்கமும் நனைவதாக வரைபடம் காட்டுகிறது என்று கேட்டிருந்தேன். கரை உச்சியை ஒட்டி பிரேக்லைன் (கட்டங்களின் விளிம்பைத் தன்மேல் உட்காரவைக்கும் கோடு) வரையச் சொன்னதுதான் வேலை செய்தது. மாதிரி நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத்தான் கணக்கிடுகிறது. கட்டத்தின் விளிம்பு கரைமேல் உட்காராவிட்டால், கரை கட்டத்துக்குள்ளேயே மறைந்துபோய், தண்ணீர் அது இல்லாததுபோல மறுபக்கம் போய்விடும். கட்டங்களை மொத்தமாகச் சிறிதாக்கினால் ஓடும் நேரம்தான் ஏறும்.

எதிர்பாராதது ஒன்று: கசிவு நின்றதும் சாலைக்கு மேல்புறம் குளமாகத் தேங்கியது. நில உயரத் தரவில் சாலைக்கடியில் தண்ணீர் போகும் கல்வெர்ட் (சிறுபாலம்) தெரியாதே! அதை மாதிரியில் தனியாகச் சேர்த்ததும் வடிந்தது.

அப்புறம், மழையிலிருந்து ஆற்று ஓட்டத்தைக் கணிக்கும் ஹெக்-எச்எம்எஸ் மென்பொருளில் உச்ச ஓட்டம் குறைவாக வந்த விஷயம். மண் ஏற்கெனவே மழையில் ஊறியிருந்ததால் கர்வ் நம்பரை (கூடக்கூட மழைநீர் மண்ணில் ஊறாமல் அதிகம் ஓடும் என்று காட்டும் எண்) 75-லிருந்து 88-க்கு ஏற்றச் சொன்ன யோசனை சரி, அளவீட்டுப் பதிவோடு இப்போது ஒத்துவருகிறது.