ஹாலில் பேசுவது ஜூமில் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லை, வழி சொல்லுங்கள்

திருவையாறு பக்கம் எங்கள் ஊர் பாசன விவசாயிகள் கூட்டத்தை 4 மாதமாக ஜூமிலும் நடத்துகிறோம். நிலம் இங்கே, பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும். ஹாலில் 40 பேர், ஜூமில் பத்துப் பன்னிரண்டு பேர்.

முன்வரிசைப் பேச்சு அவர்களுக்குக் கேட்கிறது. பின்னாலிருந்து யாராவது பேசினால் வெறும் இரைச்சல். ஜூமில் இருப்பவர்கள் பேசினாலோ, அது ஹால் ஸ்பீக்கரில் வந்து திரும்ப மைக்கில் ஏறி எதிரொலிக்கிறது. போன மாதம் சிங்கப்பூர் சித்தப்பா முக்கால் மணி நேரம் கையைத் தூக்கியபடியே இருந்தார், யாரும் கவனிக்கவில்லை! அதற்கு மட்டும் திரைக்குப் பக்கத்தில் ஒரு பையனை உட்கார வைத்துச் சரிசெய்துவிட்டோம்.

ஹால் 40க்கு 25 அடி, டைல்ஸ் தரை, தகரக் கூரை, 6 ஃபேன். விண்டோஸ் 11 லேப்டாப், மேசையில் யுஎஸ்பி ஸ்பீக்கர்போன் (மைக்கும் ஸ்பீக்கரும் சேர்ந்த கருவி), பழைய ஆம்ப்ளிஃபையர், 2 வயர்லெஸ் மைக். இணையம் ஃபைபர், அதில் குறையில்லை.

ஜூமில் இரைச்சல் குறைக்கும் அமைப்பை 'லோ'வில் (குறைந்த அளவில்) வைத்தோம். பின்வரிசைக் குரல் கொஞ்சம் வந்தது, கூடவே ஃபேன் சத்தமும். ஃபேனை நிறுத்தினால் இந்த வெயிலில் யார் உட்காருவார்? பின்னால் இன்னொரு போனில் ஜூமைத் திறந்தோம், ஊளைதான். அப்புறம் ஆம்ப்ளிஃபையரின் லைன் அவுட்டை (ஒலி வெளியே வரும் இணைப்பை) லேப்டாப்பின் ஹெட்செட் துளையில் செருகினோம், குரல் உடைந்து வந்தது.

ஜூன் 12 மேட்டூர் அணை திறப்புக்கு முன் அடுத்த கூட்டம், வாய்க்கால் முறை வைப்பதை முடிவு செய்ய வேண்டும். கையில் இருப்பது 10,000 ரூபாய்.

யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக் ஒலியை லேப்டாப்புக்குக் கொடுக்கும் பெட்டி) ஒன்று வாங்கி, வயர்லெஸ் மைக் ஒலியை மட்டும் ஜூமுக்குக் கொடுத்தால் இந்த எதிரொலி நிற்குமா?