பாத்திரம், பட்டு வாங்க தி.நகர் வர ரயில் நல்லதா, கார் நல்லதா?

செங்கல்பட்டுவாசி:
வணக்கம். தங்கையின் திருமணத்திற்குப் பட்டுப் புடவையும் சீர்ப் பாத்திரங்களும் வாங்குவதற்காக, வரும் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்துடன் தியாகராய நகர் வரவிருக்கிறோம். முழங்கால் வலியுள்ள அம்மாவும் உடன் வருவதால் காரில் செல்வதே நல்லது என்கிறார்கள் வீட்டில். உஸ்மான் சாலையில் வண்டி நிறுத்த இடம் கிடைக்குமா?

மேற்கு மாம்பலத்தான்:
கிடைக்காது என்றே எண்ணிக்கொண்டு புறப்படுங்கள். ரங்கநாதன் தெருவும் உஸ்மான் சாலைக் கடைகளும்தான் உங்கள் இலக்கு என்றால், புறநகர் ரயிலில் வந்து மாம்பலத்தில் இறங்குவதே என் பரிந்துரை. 2023 மே மாதம் திறக்கப்பட்ட ஆகாய நடைபாதை, ரங்கநாதன் தெரு நெரிசலுக்குள் உங்களை இறக்காமல், நிலையத்திலிருந்து தி.நகர் பேருந்து நிலையம் வரை கொண்டுசேர்க்கும். லிப்ட் வசதியும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில்கள் குறைவு என்பதால் அட்டவணையை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

நந்தனம் வாசகர்:
மேலே கூறியவரோடு பாதிதான் உடன்படுகிறேன். அந்த நடைபாதையின் நீளம் ஏறத்தாழ 570 மீட்டர்; முழங்கால் வலியுள்ளவருக்கு அது சிறிய தூரமன்று, பித்தளைக் குடத்தையும் அண்டாவையும் சுமந்து திரும்புவதோ யாருக்கும் எளிதன்று. காரில் வருவதானால், கிண்டி, சைதாப்பேட்டை வழியாக அண்ணா சாலையில் வந்து, நந்தனம் சிக்னலில் இடப்புறம் வெங்கட்நாராயணா சாலைக்குத் திரும்பி, தணிகாசலம் சாலையிலுள்ள மாநகராட்சியின் பல அடுக்கு வாகன நிறுத்தத்தில் வண்டியை விட்டுவிடுங்கள். கடைகள் திறக்கும் நேரத்திலேயே வந்துவிடுவது முக்கியம். ஞாயிறு மாலையில் அந்தக் கட்டடத்தை நெருங்குவதே பெரும்பாடு. அங்கிருந்து பாண்டி பஜார் நடைதூரம்தான். 2019இல் நடைபாதையை அகலப்படுத்தி இருக்கைகள் அமைத்தபின், முதியவர்கள் அமர்ந்து அமர்ந்து நடக்கலாம். உஸ்மான் சாலைக்கு மட்டும் ஆட்டோ பிடியுங்கள். ஒவ்வொரு கடைக்கும் காரை எடுத்துச் செல்ல முயன்றால் பனகல் பூங்காவைச் சுற்றுவதிலேயே பொழுது போய்விடும்.

செங்கல்பட்டுவாசி:
இருவருக்கும் நன்றி. பட்டையும் பாத்திரத்தையும் ஒரே நாளில் முடிக்க இயலுமா?

மேற்கு மாம்பலத்தான்:
அம்மாவின் கருத்து புடவைக்குத்தான் வேண்டும். எனவே அன்று காரில் வந்து பட்டை மட்டும் முடித்துக்கொண்டு, பாத்திரத்திற்கு நீங்கள் மட்டும் வாரநாள் ஒன்றில் ரயிலில் வாருங்கள். சுமை அதிகமானால் வீட்டிற்கே அனுப்பிவைப்பார்களா என்று, விலை பேசும்போதே கடையில் கேட்டுவிடுங்கள்.