ஊர்க் கடிதம்: வளைவுக்கு முன்னே வரத்துக்கால்

அன்புள்ள அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கையர் எல்லோருக்கும் வணக்கம்.

வெளியூரில் இருக்கும் உங்களுக்குப் போன மாதம் அனுப்பிய சங்க வரவு செலவுக் கணக்குக்கு வந்த பதில்களில் முக்கால்வாசி ஒரே கேள்விதான்: ஊர் நுழைவு வளைவு எப்போது கட்டப் போகிறோம்? துபாயிலிருந்து ஒரு தம்பி வரைபடமே அனுப்பிவிட்டான். இரு பக்கமும் யானை, நடுவே தென்னை, நெற்றியில் கொடையாளர் பெயர்ப் பட்டியல். படம் அழகாகத்தான் இருக்கிறது. யானைகளின் தும்பிக்கை மட்டும் சற்று நீளம், வைக்கோல் லாரி வந்தால் உரசும்.

வளைவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கையிருப்பு ஒரு வேலைக்குத்தான் போதும். அந்த ஒரு வேலை, பெரியகுளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலாக இருக்க வேண்டும் என்பது ஊரில் இருக்கும் செயற்குழுவின் முடிவு. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். ஏனென்றால் அதில் வெளியூரில் இருப்பவர்களுக்கும் பங்கு உண்டு.

நம் குமரி மாவட்டத்தின் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, இரண்டு சிற்றாறு அணைகள் எல்லாம் சேர்ந்த கோதையாறு பாசனத்தில் 79 ஆயிரம் ஏக்கர் பாய்கிறது என்பது அரசாங்கக் கணக்கு. மூக்கன் துரை என்று நம் பாட்டாமார் சொன்ன பொறியாளர் மிஞ்சின் பேச்சிப்பாறை அணையைக் கட்டி முடித்தது 1906இல். நம் பக்கத்துக்குத் தண்ணீர் எட்டியது அதற்கு வெகுகாலம் கழித்து, பட்டணங்கால் என்ற கால்வாய் வழியாக. பரளியாற்றுக்கு மேலே நூறு அடிக்கும் கூடிய உயரத்தில் 1966இல் அந்தக் கால்வாயைச் சுமக்கும் மாத்தூர் தொட்டிப்பாலம் எழும்பிய பிறகுதான் நம் ஏலா, அதாவது வயல்வெளி, இருபோக நிலமானது. இன்று பாலத்தில் நடந்து படம் எடுத்துக்கொள்கிற யாரும், காலுக்குப் பக்கத்தில் ஓடும் இந்தத் தண்ணீர் எந்த ஊருக்குப் போகிறது என்று கேட்பதில்லை. அதில் ஒரு பங்கு நம் குளத்துக்கு வர வேண்டியது. இப்போது வருவது ஒழுக்கு.

ஜூன் 1 முதல் பிப்ரவரி 28 வரை அணை திறப்பது வழக்கம். கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு பூவுக்கும், அதாவது இரண்டு நெல் போகத்துக்கும், கணக்கிட்ட காலம் அது. நம் ஏலாவில் இன்று பூவும் இல்லை, பிஞ்சும் இல்லை. ஏத்தன் வாழை, தென்னை, மேட்டில் மரச்சீனி, அவ்வளவுதான். நெல்லை விட்டவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். கூலியும் உரமும் கொடுத்துவிட்டுக் கையில் என்ன நின்றது என்று அவரவருக்குத் தெரியும். ஆனால் நெல்லோடு சேர்ந்து இன்னொன்றும் போய்விட்டது. நடவு வாரத்தில் தண்ணீர் வரவில்லையென்றால் கடைமடைக்காரர்கள் பத்துப் பேர் மண்வெட்டியோடு கால்வாய்க் கரையில் மேலே ஏறிப் போவார்கள். எங்கே அடைத்திருக்கிறது என்று பார்த்து, வெட்டிவிட்டு, சண்டை இருந்தால் அதையும் அங்கேயே முடித்துவிட்டுத் திரும்புவார்கள். வாழைக்கு மோட்டார் இருக்கிறது. கால்வாய் அடைத்தால் அன்றைக்கே யாருக்கும் வலிப்பதில்லை. பங்குனியில் கிணறு அடிமட்டத்துக்குப் போய், மோட்டார் காற்றை இழுக்கும்போதுதான் வலிக்கிறது. குளம் நிறைந்த ஆண்டில் மேலத்தெருக் கிணறுகள் வற்றுவதில்லை என்பது அங்கே குடம் சுமந்த மைனிமார் எல்லோருக்கும் தெரியும்.

மழைதான் நமக்கு இரண்டு பருவம் பெய்கிறதே, பிறகென்ன என்று ஒரு அக்கா சிங்கப்பூரிலிருந்து எழுதியிருந்தார். பெய்கிறது, அக்கா. பெய்த தண்ணீரும் அதே வரத்துக்கால் வழியாகத்தான் குளத்துக்குள் போக வேண்டும். போக வழியில்லாததால் ரோட்டில் ஏறி, பள்ளிக்கூட முற்றத்தில் ஒரு பகல் தங்கி, பிறகு ஆற்றுக்குப் போய்விடுகிறது.

சென்ற வாரம் கிளைக்கால்வாயில் மடை பிரியும் இடத்திலிருந்து குளம் வரை நடந்து பார்த்தோம். தலைவர் அண்ணனும் நானும், கூடவே பாசனத்தில் கால்வாய்க் காவலரான லஸ்கராக இருந்து ஓய்வு பெற்ற மாமாவும். மேல்பகுதி மோசமில்லை. காட்டுச்சேம்பும் கோரையும்தான், ஒரு நாள் வேலை. ரோட்டுக்கு அடியில் போகும் கலுங்கைத் தாண்டி வீடுகள் தொடங்கும் இடத்தில்தான் தொல்லை. முதல் சிலாப்புக்கு அடியில் மாமா குனிந்து பார்த்துவிட்டு, கையில் இருந்த கமுகு வாரியை உள்ளே விட்டுக் குத்தினார். போகவில்லை. மறுபடியும் குத்தி நெம்பியதில் குழந்தைக்குக் கட்டும் டயப்பர் ஒன்று தலையணை அளவுக்கு ஊறி வெளியே வந்தது. அதன் பின்னால் தெர்மோகோல் மூடி, சாக்குத்துண்டு, தேங்காய்த் தொண்டு, இரண்டு பிராந்தி பாட்டில். எல்லாம் வந்த பிறகு தெரிந்தது, சிலாப்புக்கு அடியில் கால்வாயே இல்லை. ஒரு அடிக் குழாய்தான் இருக்கிறது.

நடந்தது இதுதான். கால்வாய்க்கு அந்தப் புறம் வீடு. கார் உள்ளே போக வழி வேண்டும். சிலாப் போடுவதில் குற்றமில்லை, அடியில் கால்வாயின் அகலத்தைக் குறைக்காமல் போட்டால். கொத்தனார் சிமென்டுக் குழாய் ஒன்றை உருட்டிப் போட்டு, மேலே கான்கிரீட்டைக் கொட்டி, ஒரே நாளில் வேலையை முடித்திருக்கிறார். நாலு அடி அகலத்தில் வந்த தண்ணீர் ஒரு அடித் துளைக்குள் நுழைய வேண்டும். இப்படிப் பதினொரு சிலாப். அவற்றில் ஏழு வீடுகள் ஆண்டில் பத்து மாதம் பூட்டிக் கிடப்பவை. யார் வீடுகள் என்று நான் எழுதப் போவதில்லை. குளம் தூர்ந்து போயிற்றே என்று இந்தக் குழுவில் மிக அதிகமாக வருத்தப்படுகிறவர்களில் சிலருடைய வீடுகள் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன். வேண்டுமென்று யாரும் செய்யவில்லை. பணத்தை அனுப்பிவிட்டு, வேலையை மேஸ்திரியிடம் ஒப்படைத்தால் இப்படித்தான் முடியும். பாலுகாய்ச்சுக்கு, அதான் புதுமனை புகுவிழாவுக்கு, வந்து காரில் நேரே உள்ளே போனவர்கள் சிலாப்புக்கு அடியில் குனிந்தா பார்த்திருப்பார்கள்?

படங்களை அவரவர் பெயருக்குத் தனியாக அனுப்புகிறேன், பொதுவில் போட மாட்டேன். கேட்பது இவ்வளவுதான். குழாயை எடுத்துவிட்டு, முழு அகலத்துக்கும் இரு புறம் சுவர் வைத்து, சிலாப்பைத் திரும்பப் போடுங்கள். ஓரத்தில் ஆள் இறங்கும் அளவுக்கு ஒரு திறப்பு, அதற்கு மேலே கம்பி மூடி. செலவு அந்தந்த வீட்டாருடையது, சங்கப் பணத்தைத் தனி வீட்டுக்கு எடுக்க முடியாது. கால்வாய் நீர்வளத்துறையுடையது என்பதால் அனுமதி எழுதி வாங்கியே செய்ய வேண்டும். மனுக்களை ஒன்றாகச் சேர்த்துக் கொடுக்கும் பொறுப்பை நாங்கள் ஏற்கிறோம். மார்ச் முதல் மே வரை கால்வாய் வறண்டு கிடக்கும் நாட்களில்தான் வேலை நடக்கும். அதைத் தவறவிட்டால் இன்னொரு ஆண்டு.

ஊராட்சி என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். உள்ளாட்சியில் தேர்ந்தெடுத்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்துவிட்டது. தனி அலுவலர் பார்க்கிறார், அவருக்கு நம் ஊர் மட்டுமா? அதனால் கிராம சபையைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நவம்பர் 1 உள்ளாட்சி நாள் சபையில் வரத்துக்கால் பக்கச்சுவருக்குத் தீர்மானம் கேட்டு மனு தயாராக இருக்கிறது. தீர்மானம் நிறைவேறினால் நமக்கு நாமே திட்டத்தில் ஊர் தன் பங்கைக் கட்ட, மீதியை அரசு போடும். சங்கக் கையிருப்பு அங்கேதான் போக வேண்டும். இதே பணத்தில் வளைவு கட்டினால் வளைவு மட்டும்தான் கிடைக்கும்.

குளத்தில் வண்டல் எடுப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன். விவசாயத்துக்கு இலவசமாக எடுக்க 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி தரலாம். ஏக்கருக்கு நஞ்சை என்றால் 75 கன மீட்டர், புஞ்சை என்றால் 90. வாழைக்காரர்கள் சிலர் கேட்டிருக்கிறார்கள். எனக்கு உள்ள ஒரே பயம், வெளியே மண்ணுக்கு இருக்கும் விலை. நான்கு வழிச்சாலை வேலை தொடங்கியது முதல் மாவட்டத்தில் மண் தங்கம். வண்டல் என்று சீட்டு வாங்கிவிட்டு அடிமண்ணைத் தோண்டி ராத்திரியில் ஏற்றிவிட்டால், குளம் ஆழமாகும், அடுத்த மழையில் கரை உட்காரும். லாரிக்குச் சீட்டு எழுத நம் ஆள் ஒருவர் கரையில் உட்காராமல் ஒரு நடைகூடப் போகக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறோம்.

அடுத்தது பணம் அனுப்பும் முறை. இதில் தயவுசெய்து யாரும் அவசரப்பட வேண்டாம். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும், தம் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்துவிட்டவர்களின் கதை வேறு. அவர்கள் இந்தியாவில் பிறந்திருந்தாலும், ஓசிஐ என்ற வெளிநாட்டு இந்தியர் அட்டை வைத்திருந்தாலும், வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கண்ணில் அந்நியர்தான். அவர்களிடம் பணம் வாங்க அந்தச் சட்டப்படி வேண்டிய பதிவு நம் சங்கத்துக்கு இல்லை. ஆகவே அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா பக்கம் குடியுரிமை பெற்றவர்களிடமிருந்து வாங்க முடியாது. மச்சினன் கணக்குக்குப் போட்டு அவர் பெயரில் தருகிறேன் என்று இரண்டு பேர் அன்போடு சொன்னார்கள். வேண்டாம், அண்ணன்மாரே. நாளைக்கு நோட்டீஸ் வந்தால் பதில் சொல்ல வேண்டியது மச்சினனும் நானும். உங்கள் சிலாப்பை நீங்கள் சரிசெய்வதே எங்களுக்குப் பெரிய நன்கொடை.

மற்றச் செய்திகள். ஊரக உதவி பெறும் பள்ளிகளுக்கும் 2024 ஜூலையில் காலை உணவு வந்ததிலிருந்து, நம் பள்ளியில் முதல் மணிக்கு முன்பே பிள்ளைகள் வந்துவிடுகிறார்கள். கிச்சடி நாளில் யாரும் விடுப்பு எடுப்பதில்லையாம். நூலகக் கூரை ஒழுகுவது நின்றுவிட்டது, மழைக்கு முன்பே ஓடு மாற்றியாகிவிட்டது. இரவு கடைசி பஸ் மறுபடியும் இல்லை. ரயிலில் வந்து இறங்குபவர்கள் ஆட்டோவுக்குச் சொல்லி வைத்துவிட்டு வாருங்கள். மட்டி வாழைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததால் என்ன மாற்றம் என்று ஒருவர் கேட்டார். நம் ஊரில் மட்டி வைத்திருக்கும் மூவரிடம் விசாரித்தேன். விலை அப்படியே இருக்கிறதாம், பேட்டி எடுக்க வருபவர்கள்தான் கூடியிருக்கிறார்களாம். கன்னியாகுமரிக் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பரில் திறந்தது. 77 மீட்டர்தான், நடந்து முடிக்க நேரம் ஆகாது. படகுக்கு வரிசையில் நிற்பதற்குத்தான் காலையிலேயே போக வேண்டும்.

துக்கச் செய்தி ஒன்று. கிழக்குவிளைப் பாட்டா புரட்டாசியில் காலமானார். நம் ஊரில் பனை ஏறிய கடைசி ஆள். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் அவர் கையால் அக்கானி என்ற பதநீர் குடிக்காதவர்கள் இந்தக் குழுவில் குறைவு. அவர் மகள் கேட்பது ஒன்றுதான்: பனையில் நிற்கிற மாதிரி அவருடைய படம் யாரிடமாவது இருந்தால் அனுப்பித் தர வேண்டும். வீட்டில் இருப்பது ரேஷன் கார்டுப் படம் மட்டும்தானாம்.

சிலாப் படம் கிடைப்பவர்கள் நவம்பர் 1க்கு முன்னால் சம்மதமா இல்லையா என்று ஒரு வரி எழுதுங்கள். சம்மதம் என்றால், சாவி யாரிடம் இருக்கிறது, வேலையை யார் முன்னின்று பார்ப்பார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். சித்தப்பா பார்ப்பார் என்று எழுதுமுன் சித்தப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அன்புடன்,
சங்கச் செயலாளர்