முதல் கொலைக்குப் பிறகு சிரிப்பு ஏன் நின்றுவிடுகிறது?

கேள்வி:
வணக்கம். கடத்தல் கும்பல் ஒன்றின் கறுப்புப் பணத்தைக் கணக்கில் கொண்டுவரப் போய், நாளடைவில் அவர்களில் ஒருவராகவே ஆகிவிடும் தணிக்கையாளர் ஒருவரைப் பற்றித் திரைக்கதை எழுதிவருகிறேன். வாசித்துக் காட்டியபோது இடைவேளை வரை நண்பர்கள் சிரித்தார்கள். அவர் கண்ணெதிரே முதல் கொலை விழுந்த பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிப்புக்கென்று ஓர் அசட்டு அடியாளைச் சேர்த்தேன். அவன் வரும் காட்சிகள் மட்டும் ஒட்டுப்போட்டதுபோல் துருத்திக்கொண்டு நிற்கின்றன. அவல நகைச்சுவையில் பிணம் விழுந்த பின்னும் சிரிப்பை எப்படித் தக்கவைக்கிறார்கள்?

மறுமொழி 1:
அடியாளை எடுத்துவிடுங்கள். ஸ்ரீராம் ராகவன் இயக்கிய ‘அந்தாதுன்’ (2018) படத்தில், பார்வையற்றவராக நடிக்கும் பியானோக் கலைஞர் ஒரு வீட்டில் வாசித்துக்கொண்டிருக்கையில் தரையில் பிணம் கிடப்பதைப் பார்த்துவிடுகிறார். பார்த்ததாகக் காட்டிக்கொண்டால் அவருக்கும் அதே கதிதான் என்பதால் விரல்களை நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே இருக்க, அவருக்கு எதிரிலேயே கொலைக்கு உடந்தையானவர்கள் வாய் திறக்காமல் சைகையால் பேசியபடி உடலை அப்புறப்படுத்துகிறார்கள். அங்கே யாரும் வேடிக்கையாக எதுவும் பேசுவதில்லை. அவருக்குத் தெரிந்த தொழிலே அவரைக் காப்பாற்றவும் செய்கிறது, அங்கிருந்து எழவிடாமல் கட்டிப்போடவும் செய்கிறது. நமக்குச் சிரிப்பும் நடுக்கமும் ஒன்றாக வருவது அதனால்தான். உங்கள் தணிக்கையாளரோ, கொலைக்குப் பிறகு கணக்கை மறந்துவிட்டுத் துப்பாக்கியைத் தூக்கிவிட்டார் என்று ஊகிக்கிறேன்.

மறுமொழி 2:
ஒப்புக்கொள்கிறேன், ஆனால் தொழில்திறமை மட்டும் போதாது, அந்த மனிதரின் சிறுமையும் தெரிய வேண்டும். கோயன் சகோதரர்களின் ‘ஃபார்கோ’வில் (1996), பணக்கார மாமனாரிடம் பணம் கறக்கத் தன் மனைவியையே கடத்த ஆள் அமர்த்துகிறார் ஒரு கார் விற்பனை மேலாளர். கேட்ட தொகைக்கு மாமனார் கைவிரித்துவிட, வெளியே வந்து கார்க் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டுகிறார். திடீரென்று ஆத்திரம் பொங்கிச் சுரண்டியை வீசியெறிகிறார், பிறகு தானே அதை எடுத்து மறுபடி சுரண்டத் தொடங்குகிறார். அவர்மீது இரக்கமும் வருகிறது, வெறுப்பும் வருகிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: செத்தவரைப் பார்த்துச் சிரிக்க வைத்துவிடாதீர்கள். உயிரோடிருப்பவர்களின் பதற்றம்தான் சிரிப்புக்குரியது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. ஊகம் சரிதான், துப்பாக்கியைத்தான் கொடுத்திருந்தேன். நேற்றிரவு அந்தக் காட்சியை மாற்றி எழுதினேன். தரையில் இரத்தம் காயவில்லை, தலைவன் பங்கு பிரிக்கச் சொல்கிறான், எத்தனை முறை கூட்டினாலும் கணக்கு இடிக்கிறது. கடைசியில் தணிக்கையாளர் கை நடுங்க எழுந்து நின்று, இறந்தவரின் பங்கை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கேட்கிறார். எவரும் பதில் சொல்லாததால், கோடு கோணாமல் ‘அனாமத்து’ என்று எழுதுகிறார். செத்தவருக்கும் முதல் பாதியில் இரண்டு காட்சிகள் கூட்டியிருக்கிறேன். அடியாள் போய்விட்டான்.