டேராடூன் ராணுவக் கல்லூரி நுழைவுத்தேர்வு: புதுப்பிப்பு

ஏழாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு டேராடூன் ராஷ்ட்ரிய இந்திய ராணுவக் கல்லூரிக்கு (பெயர்தான் கல்லூரி, எட்டாம் வகுப்பில் சேரும் பள்ளிதான்) விண்ணப்பிப்பது எப்படி என்று முன்பு கேட்டிருந்தேன். விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட்டது. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"பெண்களைச் சேர்க்க மாட்டார்களே" என்றார் ஒருவர். 2022 முதல் சேர்க்கிறார்கள்.

படிவத்தை ஜெராக்ஸ் எடுத்து நிரப்பினால் செல்லாது. கல்லூரிக்கே பணம் கட்டி வாங்க வேண்டும், தபாலில் வரும். நிரப்பி, சான்றிதழ்களோடு இரண்டு பிரதிகளாக அனுப்ப வேண்டிய இடம் டேராடூன் இல்லை, சென்னையில் டிஎன்பிஎஸ்சி! குரூப் 4 நடத்துகிறவர்கள்தான் இதையும் நடத்துகிறார்கள் என்பது எனக்கே புதுசு.

வயதைத்தான் முதலில் பாருங்கள். எட்டாம் வகுப்பில் சேரும் ஜனவரி 1 அல்லது ஜூலை 1 அன்று பதினொன்றரை நிரம்பியிருக்க வேண்டும், 13 ஆகியிருக்கக் கூடாது. எழுத்துத் தேர்வில் கணக்குக்கு 200 மதிப்பெண், ஆங்கிலத்துக்கு 125, பொது அறிவுக்கு 75. அப்புறம் நேர்முகத் தேர்வுக்கு 50. கணக்கையும் பொது அறிவையும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதலாம், தமிழில் முடியாது. தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு இது நியாயமே இல்லை என்பேன்.

இப்போது வீட்டில் தினமும் பின்னக் கணக்குதான். ஹால் டிக்கெட் வந்ததும் எழுதுகிறேன்.